எங்கள் தீர்மான நோட்டுக்கு ஒரு பதில் வேண்டும்

தமிழ்நாட்டின் முதன்மைக் கல்வி அலுவலர்கள், மாவட்டக் கல்வி அலுவலர்கள், வட்டாரக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பிளஸ் 2 வரை படித்தவள். வீட்டில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். வேலை கொடுக்கும் நாட்களில் நூறு நாள் வேலைக்கும் போகிறேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் அதே பள்ளியில்தான். ஊர் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் எங்கள் தலைமை ஆசிரியைக்கு மெமோ வருமோ என்று பயம். இதில் அவர் பேரில் எந்தக் குற்றமும் இல்லை.

என் முன்னால் எங்கள் குழுவின் தீர்மான நோட்டு இருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து இதுவரை இந்த நோட்டில் ஒரே தீர்மானத்தை ஏழு தடவை எழுதியிருக்கிறோம். "எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியருக்குக் காலை எட்டரை மணிக்கு ஒரு டவுன் பஸ் வேண்டும்." ஏழு தடவையும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துத் தெரியாத இரண்டு அம்மாக்கள் கைநாட்டு வைத்தார்கள். தலைமை ஆசிரியை அதைப் போட்டோ எடுத்துத் துறையின் செயலியில் ஏற்றினார். அதற்குப் பிறகு அது எங்கே போனது, யார் படித்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

உங்களிடம் நான் கேட்க வந்தது இந்த ஒன்றைத்தான். எங்கள் தீர்மானத்துக்குப் பதில் எழுதுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2022 மார்ச் 20ஆம் தேதியை என்னால் மறக்க முடியாது. தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் பெற்றோரை ஒரே நாளில் கூப்பிட்டீர்கள். மகள் அப்போது நாலாவது. அதுவரை பள்ளிக்கூடம் என்றால் எங்களுக்கு கேட் வரைக்கும்தான். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம், இல்லையென்றால் பிள்ளை ஏதாவது செய்து வைத்தால் கூப்பிட்டனுப்புவார்கள், தலை குனிந்து நிற்போம். அன்றைக்கு முதல் தடவையாக வகுப்பறைக்குள் போய், என் மகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பள்ளி முழுக்க ஆட்கள். மாடு மேய்க்கிறவர், கொத்தனார், சித்தாள், மளிகைக் கடைக்காரர், எல்லோரும் வந்திருந்தார்கள். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை வாசித்தபோது, பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்து, "நெசமாவா?" என்று கேட்டார். பிறகு 20 பேர் கொண்ட குழு அமைந்தது, அதில் 15 பேர் பெற்றோர். என்னைத் தலைவியாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து மறுபடி குழு அமைத்தபோதும் நானே வந்தேன்.

அந்த மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் அவ்வளவு பேரும் வர முடிந்தது என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

மூன்று மணிக்கு எங்கள் ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? நூறு நாள் வேலையில் இப்போது காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ எடுக்கிறார்கள். இரண்டாவது போட்டோவில் ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அந்தக் கூலி 336 ரூபாய். அதுவும் செய்த வேலையின் அளவு சரியாக இருந்தால்தான் முழுசாகக் கிடைக்கும். ஒரு அம்மா மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்தால் அந்த 336 ரூபாயை விட்டுவிட்டு வருகிறாள். முதல் வருஷம் பதினைந்து பெற்றோரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இப்போது நான்கு பேர் வருகிறோம். மற்றவர்களிடம் நோட்டை வீட்டுக்கே எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்குகிறேன். இது சரியில்லை என்று எனக்கும் தெரியும், தலைமை ஆசிரியைக்கும் தெரியும். ஆனால் கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லையென்றால் ஏன் இல்லை என்று அவரைத்தான் கேட்கிறீர்கள். "பெற்றோருக்கு ஆர்வமில்லை" என்று அவர் எழுத வேண்டிவரும். அந்த வாக்கியம் எங்கள் பேரில் மேலே போகும். ஆர்வமில்லாமல் நாங்கள் வராமலிருக்கவில்லை. கூலி போய்விடும் என்றுதான் வரவில்லை.

ஆசிரியர்களின் கஷ்டமும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் தலைமை ஆசிரியை இரண்டு பஸ் மாறி வருகிறவர். ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர் எப்படி வீடு போவார்? அதனால் மாதாமாதம் ராத்திரியில் வையுங்கள் என்று கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்து, ஆசிரியர்களுக்கு அதற்கு ஈடு விடுப்புக் கொடுங்கள். எந்த நேரம் ஒத்துவரும் என்று அந்தந்த ஊர்க் குழுவே முடிவெடுக்கட்டும். மாநிலம் முழுவதுக்கும் ஒரே மணி எதற்கு?

இன்னொன்று, செல்போன். 2024இல் பெற்றோரின் போன் நம்பரைச் சரிபார்க்கும் வேலை நடந்தது. வகுப்பு ஆசிரியர் போன் செய்து, "உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக்கூடாது என்று பேங்கில் போர்டு வைத்து எச்சரிக்கிறார்கள், டிவியிலும் சொல்கிறார்கள். நான்தான் வீடு வீடாகப் போய், "இது நம்ம டீச்சர்தான், பயப்படாதீங்க" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். பிறகு துறையின் வாட்ஸ்அப் வந்தது. உதவித்தொகை பற்றி, சேர்க்கை பற்றி நல்ல செய்திகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதில் நாங்கள் திருப்பி ஒரு வார்த்தை எழுத இடமில்லை. ஊர் முழுக்க ஓடிபி வாங்கி நம்பரைச் சேர்த்தோம், அந்த நம்பர் எங்கள் வாய்க்கு உதவவில்லை. எங்கள் காதுக்கு மட்டும்தான் உதவுகிறது.

செய்தி ஒரு பக்கமாகவே போனால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் 13ஆம் தேதி எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கு பிளஸ் 2 தமிழ்த் தேர்வு. மாநிலம் முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கு! பேப்பரில் வந்ததும் பெரிய பேச்சானது. பிறகுதான் தெரிந்தது, அவர்களில் பலர் எத்தனையோ மாதமாகவே பள்ளிக்கு வராதவர்கள், பெயர் மட்டும் துறையின் கணினிப் பதிவான எமிஸில் இருந்தது, ஹால் டிக்கெட்டும் வந்தது என்று. அப்போது மேலாண்மைக் குழுக்களைக் கூப்பிட்டு, வராத பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள் என்று சொன்னீர்கள். எங்களுடையது நடுநிலைப் பள்ளிதான் என்றாலும், இங்கே படித்துப் போன பிள்ளைகள் என்பதால் நாங்களும் தேடினோம். எங்கள் ஊரில் மூன்று பேர். ஒரு பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். முந்தின வருஷ தீபாவளிக்கே போய்விட்டானாம். அவன் அம்மா எங்களிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவன் போய் அஞ்சு மாசமாவுது. இப்பதான் தேடுறீங்களா?"

அந்த ஐந்து மாதமும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தினமும் ஒரு குறி விழுந்திருக்கும். ஆள் தொடர்ந்து வரவில்லை என்று உங்கள் அலுவலகத்துக் கணினிக்குத் தெரியும். அவன் ஏன் வரவில்லை என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் இந்தக் குழு. முதல் பத்து நாளிலேயே எங்களிடம் சொல்லியிருந்தால், அவன் அப்பா வாங்கிய கடன் எவ்வளவு, யாரிடம் பேசினால் பையன் திரும்புவான் என்பதை நாங்கள் சொல்லியிருப்போம். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிற வீடுகள் எங்கள் ஊரில் எவை என்று எனக்கு டிசம்பரிலேயே தெரியும். முன்பணம் வாங்கியதும் ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போங்கள் என்று பேசவோ, போகிற ஊரில் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க முன்கூட்டியே சீட்டு வாங்கவோ அப்போது நேரம் இருக்கும். பிறகு கணக்கெடுப்பு நடத்தி, "பள்ளி செல்லாக் குழந்தைகள்" பட்டியலில் அவர்கள் பெயரை எழுதுவதற்குள் ஒரு முழு அரையாண்டுப் படிப்பு போய்விடுகிறது.

இப்போது ஓர் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர்தான். பெயர் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கலாம், அதனால் விடுகிறேன்.

2023 ஆகஸ்ட் 25இல் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் காலை உணவு வந்தது. எங்கள் பள்ளியிலும் வந்தது. மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்களுடையது நடுநிலைப் பள்ளி, எட்டு வரை இருக்கிறது. அப்போது என் மகன் மூன்றாவது, மகள் ஆறாவது. தம்பி தட்டோடு உட்கார்ந்திருப்பான், அக்கா தூணோரம் நிற்பாள். ஒருநாள் அவன் தட்டிலிருந்து ஒரு வாய் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறான். சாப்பாடு போடுகிற பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அழுகை வந்துவிட்டதாம். எங்கள் குழுவில் தீர்மானம் போட்டோம், ஆறு முதல் எட்டு வரைக்கும் வேண்டும் என்று.

அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வட்டாரக் கல்வி அலுவலர் பிள்ளையார் கோயில் திடலுக்கு வந்தார். முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். சால்வை வேண்டாம், சேர் வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார். வேலை முடிந்து குளித்துவிட்டு ஊரே வந்தது. இரண்டு மணி நேரம் இருந்தார். பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகம். கையில் ஒரு டைரி. நாங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதி, கடைசியில், "நான் சரியா எழுதியிருக்கேனா பாருங்க" என்று எங்களுக்கே திருப்பி வாசித்தார். கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார், உடைந்த மதில், காலை உணவு, பேசவராத ஒரு குழந்தைக்குச் சிறப்புப் பயிற்றுநர், இப்படி ஒன்பது விஷயம்.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. ஒன்பதுக்கும் ஒன்பது பதில். மோட்டார் ஊராட்சி நிதியில் செய்யலாம், தலைவரிடம் பேசியாகிவிட்டது. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து இனிச் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். மதிலுக்கு இந்த ஆண்டு நிதி இல்லை. காலை உணவைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: அரசாணை ஐந்தாம் வகுப்பு வரை என்றே இருக்கிறது, இதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, உங்கள் தீர்மானத்தை என் பரிந்துரையோடு மேலே அனுப்பியிருக்கிறேன், கிராம சபையிலும் வைத்துத் தீர்மானமாக்குங்கள்.

கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்தக் கடிதத்தைக் கோயில் திடலில் நான் வாசித்தபோது யாரும் கோபப்படவில்லை. "அவரால முடியாததை முடியாதுன்னு சொல்லிட்டாரு" என்றார் ஒரு பெரியவர். கிடையாது என்று தெரிந்ததும் நாங்கள் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தோம். ஆறு, ஏழு, எட்டில் அம்மா அப்பா இரண்டு பேரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணினோம். ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும் நாங்களே முறை வைத்து ஆளுக்கொரு வீட்டில் காலைச் சாப்பாடு கொடுக்கிறோம். இரண்டு வருஷமாக நடக்கிறது. பதில் வராமலே இருந்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

அவர் அடுத்த வருஷமே மாறுதலாகிப் போய்விட்டார். அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒரு பெரிய வாத்தியார் இருக்கிறார். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இது ஒன்றும் புதுசில்லையம்மா என்றார். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956இல் மதிய உணவு தொடங்கிய காலத்தில் ஊர்மக்களிடம் போய் அரிசியும் காய்கறியும் கேட்டார்களாம். 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதற்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாக நடந்தன. ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள், பெஞ்சு, பிள்ளைகளுக்குச் சட்டை என்று கொண்டுவந்து குவித்தார்கள். அப்போது ஊரில் இன்றைக்கு இருப்பதைவிட வறுமை. வாத்தியார் சொன்னார், "அதிகாரி வந்து உட்கார்ந்து உன் ஊர்ப் பள்ளிக்கு என்ன வேணும்னு கேட்டா, இல்லாதவனும் கொடுப்பான்." நான் பிறக்காத காலத்து விஷயம். ஆனால் அந்தக் கோயில் திடலில் நான் பார்த்ததும் அதைத்தான்.

இனி பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

உயர்நிலைப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். டவுன் பஸ் காலை ஏழு பத்துக்கு ஒன்று, பிறகு ஒன்பது ஐம்பதுக்கு ஒன்று. முதல் பஸ்ஸில் போனால் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் போனால் பிரேயர் முடிந்து முதல் பாடமும் போய்விடும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம், பிள்ளைகளுக்குப் பாஸ் இருக்கிறது. பஸ்தான் இல்லை. விலையில்லா சைக்கிள் பதினோராம் வகுப்பில் கொடுக்கிறீர்கள். ஒன்பதும் பத்தும்தான் எங்கள் பிள்ளைகள் நடுவழியில் நின்றுபோகிற வகுப்புகள், அந்த இரண்டு வருஷத்துக்கு சைக்கிளும் கிடையாது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதி சொல்கிறது. எட்டு முடிந்து பதினாலு வயதானதும் அந்தச் சட்டம் எங்கள் பிள்ளையின் கையை விட்டுவிடுகிறது. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பணத்தில்தான் நர்சிங் படிக்கிறாள், நான் அதைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஏழு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்.

போன வருஷம் எட்டு முடித்த பெண் பிள்ளைகள் ஐந்து பேர். இரண்டு பேர் ஏழு பத்து பஸ்ஸில் போகிறார்கள். ஒருத்தி மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி எங்கள் பள்ளியில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள். இப்போது என்னிடம் வந்து காஜா எடுக்கப் பழகுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் அவள் ஊசியைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு நான் நேரிலும் அலைந்தேன். வட்டார அலுவலகத்தில், இது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற விஷயம், இடைநிலைக் கல்வி அலுவலரைப் பாருங்கள் என்றார்கள். அங்கே போனால், உங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி, தொடக்கக் கல்வி அலுவலரைப் பாருங்கள் என்றார்கள். 2018இல் இரண்டையும் ஒன்றாக்கி, 2022இல் மறுபடி பிரித்தீர்கள். அது உங்கள் நிர்வாகம், எனக்கு அதில் கருத்துச் சொல்லத் தெரியாது. ஆனால் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கும்போது, அது யாருடைய பிள்ளை என்று உங்களுக்குள் முடிவாக வேண்டும். பிறகு திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தேன். போக்குவரத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு ரசீது வந்தது. அதோடு சரி. மூன்று நாள் வேலை போனது. தைக்கக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பஸ் விடுவது உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாவட்டத்தில் எத்தனை ஊரிலிருந்து இப்படித் தீர்மானம் வந்திருக்கிறது என்று உங்கள் மேஜையில் இருந்து பார்த்தால்தான் தெரியும். பத்து ஊர்த் தலைவிகள் பத்து அலுவலகத்தில் தனித்தனியாக நிற்பதைவிட, முதன்மைக் கல்வி அலுவலர் அந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி ஆட்சியர் முன்னால் வைத்தால் அதற்கு எடை வேறு. ஒரு பஸ்ஸின் நேரத்தை எண்பது நிமிஷம் முன்னால் தள்ள முடியுமா என்று போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எனவே மாதாமாதம் நாங்கள் ஏற்றும் தீர்மானத்துக்கு முப்பது நாளுக்குள் ஒரு பதில் எழுதுங்கள். முடியும், முடியாது, யாருக்கு அனுப்பியிருக்கிறேன், எப்போது தெரியும், இதில் ஏதாவது ஒன்று. செயலியில் மட்டும் போடாமல் தாளில் அனுப்புங்கள், கூட்டத்தில் நான் சத்தமாக வாசிக்கிறேன். செல்போன் இல்லாத அம்மாவும் கேட்கட்டும். பத்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அந்தந்த ஊர்க் குழுவுக்கு உடனே சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருநாளாவது உங்களில் ஒருவர், பள்ளி நேரத்தில் பதிவேடு பார்க்கும் ஆய்வாக இல்லாமல், சாயங்காலத்தில் ஊருக்குள் வாருங்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் பெட்ரோல் செலவைத் தவிர வேறெதையும் கொண்டுவரவில்லை.

எங்கள் அடுத்த கூட்டத்தை இந்தத் தடவை நாங்களே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குப் பிள்ளையார் கோயில் திடலில் வைத்துக்கொள்வதாக முடிவெடுத்திருக்கிறோம். தலைமை ஆசிரியை அன்றிரவு என் வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அழைப்பைத் தபாலில் உங்கள் மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்பிவிட்டேன். எட்டாவது தடவையாக அதே பஸ் தீர்மானத்தை அன்றைக்கு எழுதுவோம். அடுத்த ஜூனில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின்
மேலாண்மைக் குழுத் தலைவி